லிட்டில் பாய், ஃபேட் மேன்: அணுகுண்டுகளுக்குப் பெயர் வந்த கதை

கேள்வி இதுதான்: ஹிரோஷிமாவில் போட்ட குண்டுக்கு ‘லிட்டில் பாய்’ என்றும் நாகசாகியில் போட்டதற்கு ‘ஃபேட் மேன்’ என்றும் ஏன் பெயர் வைத்தார்கள்? குண்டன் என்றால் சர்ச்சில், பொடியன் என்றால் ட்ரூமன் என்று சொல்கிறார்களே, அது உண்மையா?

ட்ரூமன் கதையை முதலிலேயே தள்ளிவிடலாம். அவர் அதிபரானது 1945 ஏப்ரல் 12. போர்த்துறைச் செயலர் ஸ்டிம்சனும் அணுகுண்டுத் திட்டத்தின் ராணுவத் தலைவர் ஜெனரல் லெஸ்லி க்ரோவ்ஸும் அவரை உட்காரவைத்து அணுகுண்டு பற்றி விவரமாகச் சொன்னது ஏப்ரல் 25. லிட்டில் பாயின் வடிவமைப்போ பிப்ரவரியிலேயே முடிந்துவிட்டது. சர்ச்சில் கதையில் மட்டும் கொஞ்சம் விஷயம் இருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். உண்மையில் இந்தப் பெயர்கள் குண்டுகளின் உருவத்தைப் பார்த்து வைத்தவை. ஆனால் இரண்டு குண்டுகளை மட்டும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அது விளங்காது. இடையில் மூன்றாவதாக ஒரு குண்டு இருந்தது. அது எங்கும் வெடிக்கவில்லை என்பதால் யாருக்கும் அதன் ஞாபகம் இல்லை.

1943 ஏப்ரலில் இருந்து தொடங்குவோம். நியூ மெக்சிகோவின் மேட்டுநிலத்தில் லாஸ் அலமோஸ் ஆய்வகம் அப்போதுதான் எழும்பிக்கொண்டிருந்தது. புதிதாக வந்து சேர்ந்த விஞ்ஞானிகளுக்கு, என்ன செய்யப்போகிறோம் என்பதை விளக்கும் பொறுப்பை ஆய்வகத் தலைவர் ஓப்பன்ஹைமர் தன் பழைய சகாவான ராபர்ட் செர்பரிடம் கொடுத்தார். செர்பருக்கு அப்போது 34 வயது. ஐந்து சொற்பொழிவுகள். முதல் நாள் பேச எழுந்தவர், இரண்டு மூன்று நிமிடம் ‘குண்டு’, ‘குண்டு’ என்றே பேசிக்கொண்டு போனார். ஓப்பன்ஹைமர் ஜான் மேன்லியை மேடைக்கு அனுப்பி, காதோடு சொல்லச் சொன்னார்: அந்தச் சொல் வேண்டாம், சுற்றிலும் தச்சர்களும் எலக்ட்ரீஷியன்களும் வேலை செய்கிறார்கள், ‘கேட்ஜெட்’ என்று சொல். பயம் வீண் பயம் அல்ல. சொற்பொழிவு நடந்துகொண்டிருக்கும்போதே மெல்லிய அட்டைக் கூரையைப் பொத்துக்கொண்டு ஓர் எலக்ட்ரீஷியனின் கால் கீழே தொங்கியது என்று செர்பர் பிற்பாடு எழுதியிருக்கிறார். அன்றிலிருந்து லாஸ் அலமோஸில் அணுகுண்டுக்குப் பொதுப்பெயர் கேட்ஜெட். 1945 ஜூலையில் பாலைவனத்தில் கோபுரத்தின் மேல் ஏற்றி வெடித்த முதல் சாதனத்துக்கும் அதே பெயர்தான் நிலைத்தது.

ஆனால் எல்லாவற்றையும் ‘கேட்ஜெட்’ என்றால் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று அவர்களுக்கே புரியாது. ஏனென்றால் அங்கே உருவாகிக்கொண்டிருந்தவை வெவ்வேறு ஆயுதங்கள். ஒன்று துப்பாக்கி முறை: பீரங்கிக் குழாய் ஒன்றின் உள்ளே, பிளவுபடக்கூடிய உலோகத்துண்டை இன்னொரு துண்டின் மேல் சுட்டு மோதவைப்பது. இன்னொன்று உள்வெடிப்பு முறை: புளூட்டோனிய உருண்டையைச் சுற்றி நாலாபுறமும் வெடிமருந்தை அடுக்கி, ஒரே கணத்தில் வெடிக்கவைத்து உருண்டையை நசுக்குவது.

முதலில் எல்லோரும் நம்பியிருந்தது துப்பாக்கி முறையை, அதுவும் புளூட்டோனியத்துக்கு. அதற்குத் துண்டு நொடிக்குச் சுமார் 900 மீட்டர் வேகத்தில் பாயவேண்டும். அந்த வேகத்துக்கு நீளமான குழாய் வேண்டும். கணக்குப் போட்டால் குண்டு 17 அடி நீளம் வந்தது. 1943 ஆகஸ்டில் வர்ஜீனியாவில் டால்கிரென் கடற்படைத் தளத்தில் அதன் சிறிய மாதிரி ஒன்றை விமானத்திலிருந்து போட்டுப் பார்த்தார்கள். சாதாரணக் குண்டு ஒன்றை நடுவில் பிளந்து, இடையில் 14 அங்குலக் குழாயை வைத்துப் பற்றவைத்த உருப்படி அது. பார்த்தவர்கள் அதைச் ‘சாக்கடைக் குழாய் குண்டு’ என்றார்கள். விழும்போது மூக்கைக் கீழே நீட்டாமல் படுக்கைவாட்டில் சுழன்றுகொண்டே போய் விழுந்தது.

இந்த ஒல்லிக் குழாய்க்குத்தான் செர்பர் ‘தின் மேன்’ என்று பெயர் வைத்தார். டேஷியல் ஹாமெட் எழுதிய துப்பறியும் நாவலின் பெயர் அது. 1934-இல் படமாக வந்து, தொடர்ந்து அடுத்தடுத்த பாகங்களும் வந்து, அமெரிக்காவில் எல்லோர் வாயிலும் புழங்கிய பெயர். உருண்டையாக வரப்போகும் உள்வெடிப்புக் குண்டுக்கு அவர் வைத்த ‘ஃபேட் மேன்’, 1941-இல் வந்த ‘தி மால்டீஸ் ஃபால்கன்’ படத்திலிருந்து வந்தது. அதில் சிட்னி கிரீன்ஸ்ட்ரீட் என்ற கனத்த உடம்புக்காரர் நடித்த கஸ்பர் கட்மன் என்ற பாத்திரத்தைப் படத்திலேயே ‘ஃபேட் மேன்’ என்றுதான் சொல்வார்கள். அந்தப் படத்துக்கு மூலமான நாவலும் ஹாமெட்டுடையதே. ஆக இரண்டு பெயர்களும் ஒரே எழுத்தாளரிடமிருந்து வந்தவை. அந்த எழுத்தாளரோ இடதுசாரி. 1951-இல், கம்யூனிஸ்ட் வேட்டை உச்சத்தில் இருந்தபோது, நீதிமன்ற அவமதிப்புக்காகச் சிறைக்கும் போனார். அமெரிக்க ராணுவத்தின் மிகப் பெரிய ரகசியத்தின் மேல் அவருடைய பாத்திரங்களின் பெயர்!

இப்போது சர்ச்சில். இந்தக் கதையைச் சொன்னவர் சாதாரண ஆள் இல்லை. நார்மன் ராம்சே, பின்னாளில் 1989-இல் இயற்பியல் நோபல் வாங்கியவர். குண்டை விமானத்தில் ஏற்றிக்கொண்டுபோய்ப் போடும் ஏற்பாடுகள் அவருடைய குழுவின் பொறுப்பு. போர் முடிந்ததும் அவர் எழுதிய குறிப்பின்படி, விமானப்படை அதிகாரிகள் தொலைபேசியில் பேசும்போது, ரூஸ்வெல்ட்டும் சர்ச்சிலும் பயணம் செய்ய ஒரு விமானத்தை மாற்றியமைக்கிறோம் என்று கேட்பவர் நினைக்கும்படி பேசினார்களாம். தின் மேன் என்றால் ரூஸ்வெல்ட், ஃபேட் மேன் என்றால் சர்ச்சில். அந்த வேடத்துக்குத் தோதாக முதலில் மாற்றியமைத்த பி-29 விமானத்துக்கும் ‘புல்மன்’ என்று பெயர். அன்றைய சொகுசு ரயில் பெட்டியின் பெயர் அது. முழு வேலைக்கும் ‘சில்வர்பிளேட்’ என்று பெயர்.

என் கருத்தில் ராம்சேயும் செர்பரும் ஒருவரையொருவர் மறுக்கவில்லை. ஆய்வகத்தில் உருவத்தைப் பார்த்துப் பெயர் பிறந்தது. விமானப்படையிடம் போனபோது அதற்கு ஒரு பொய்க்கதை தேவைப்பட்டது. தலைவர்கள் இருவரின் உடல்வாகும் கைகொடுத்தது. ஒல்லி, குண்டு என்ற ஜோடி கையில் இல்லாமல், சும்மா இருக்கும்போது ரூஸ்வெல்ட்டை யாரும் ‘ஒல்லி மனிதர்’ என்று கூப்பிட்டிருக்க மாட்டார்கள். அகன்ற தோளும் பெரிய மார்பும் கொண்ட மனிதர் அவர்.

பொய்க்கதை ஏன் தேவைப்பட்டது என்பதற்கும் தின் மேனின் நீளம்தான் காரணம். பி-29-இல் குண்டு வைக்கும் அறை இரண்டு. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 12 அடி நீளம், நடுவில் இறக்கையின் கட்டமைப்பு. 17 அடிக் குண்டு எதிலும் அடங்காது. பிரிட்டனின் லங்காஸ்டரை எடுத்துக்கொள்ளலாமா என்றுகூட ராம்சே யோசித்தார். அதன் அறை நீளமானது. அமெரிக்கக் குண்டை அமெரிக்க விமானம்தான் சுமக்கவேண்டும் என்று முடிவாகி, பி-29-இன் இரண்டு அறைகளையும் ஒன்றாக்கும் வேலை நடந்தது. 1944 மார்ச்சில் கலிஃபோர்னியாவின் மியூரோக் தளத்தில் சோதனை. அங்கே ஒரு தின் மேன் மாதிரி, அறையின் கதவு திறக்கும் முன்பே கொக்கியிலிருந்து கழன்று கதவுகளின் மேலேயே விழுந்தது. கதவைத் திறந்து அதைக் கீழே தள்ளுவதற்குள் விமானத்துக்கு நல்ல சேதம்.

தின் மேனை முடித்தது அந்த விபத்தல்ல. எமிலியோ செக்ரே என்ற இத்தாலிய இயற்பியலாளர், ஆய்வகத்தின் இரைச்சலிலிருந்து விலகி, பக்கத்துப் பள்ளத்தாக்கில் மரத்தாலான சிறு குடிலில் கருவிகளை வைத்துக்கொண்டு, புளூட்டோனியம் தானாக எவ்வளவு பிளவுபடுகிறது என்று எண்ணிக்கொண்டிருந்தார். சைக்ளோட்ரான் என்ற துகள்முடுக்கியில் செய்த புளூட்டோனியம் பிரச்சினை தரவில்லை. 1944 வசந்தத்தில் ஓக் ரிட்ஜ் அணு உலையிலிருந்து வந்த மாதிரியில் எண்ணிக்கை பல மடங்கு எகிறியது. உலையில் நியூட்ரான் மழையில் அதிக நேரம் கிடந்ததால், தானாகவே அதிகம் பிளவுபடும் புளூட்டோனியம்-240 கலந்துவிட்டிருந்தது. அப்படிப்பட்ட உலோகத்தைத் துப்பாக்கிக் குழாயில் வைத்துச் சுட்டால், இரண்டு துண்டும் முழுசாகச் சேரும் முன்பே வினை தொடங்கி, புஸ்ஸென்று போய்விடும். ஜூலையில் தின் மேனைக் கைவிட்டார்கள். ஆகஸ்டில் ஆய்வகத்தையே கலைத்துப் போட்டு, உள்வெடிப்பை மையமாக வைத்துத் திரும்பக் கட்டினார்கள்.

துப்பாக்கி முறை மிஞ்சியது யுரேனியம்-235-க்கு மட்டும். யுரேனியத்தில் இந்தத் தொல்லை குறைவு. நொடிக்கு 300 மீட்டர் வேகம் போதும். வேகம் மூன்றில் ஒரு பங்கானதும் குழாய் ஆறு அடியாகச் சுருங்கியது, குண்டு மொத்தமும் பத்து அடிக்குள் வந்தது, மாற்றியமைக்காத அறையிலேயே அடங்கும் அளவுக்கு. ஒல்லி மனிதனின் அதே முறையில் பிறந்த குட்டை வடிவம் என்பதால் அது ‘லிட்டில் பாய்’. செர்பரே சொன்னபடி, இந்தப் பெயர் கடைசியாக வந்தது. தின் மேனிலிருந்து பிரித்துக் காட்டத்தான் வந்தது. அண்ணன் காணாமல் போன பிறகு தம்பியின் பெயர் மட்டும் தனியே நின்று, அர்த்தம் தெரியாமல் நம்மைக் குழப்புகிறது. எடை என்னவோ நாலரை டன்னுக்குக் கொஞ்சம் குறைவு. உள்ளே 64 கிலோ யுரேனியம். ஃபேட் மேனில் புளூட்டோனியம் வெறும் 6.2 கிலோ, ஆனால் அதைச் சுற்றி இரண்டு டன்னுக்கு மேல் வெடிமருந்து, ஐந்தடி விட்டம். அதே உருவத்தில் அணுப்பொருள் இல்லாமல் சாதாரண வெடிமருந்து நிரப்பிய பயிற்சிக் குண்டுகளுக்குப் ‘பம்ப்கின்’ என்று பெயர். 49 பூசணிக்காய்களை ஜப்பான் மேலேயே போட்டுப் பயிற்சி எடுத்தார்கள் என்பது பலருக்குத் தெரியாது.

செர்பரைப் பற்றி இன்னும் ஒன்று. ஆகஸ்ட் 9-ஆம் தேதி நாகசாகிப் பயணத்தில் புகைப்பட விமானத்தில் அவர் போயிருக்கவேண்டும். பாராசூட்டை மறந்துவிட்டு ஏறியதால், விமானி ஓடுபாதையிலேயே இறக்கிவிட்டுப் போய்விட்டார். அதிவேகக் கேமராவை இயக்கத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். ஃபேட் மேனுக்குப் பெயர் வைத்தவருக்கு அது வெடித்ததைப் பார்க்க வாய்க்கவில்லை.

லிட்டில் பாய் பெயரைப் பற்றி இன்னொரு குழப்பம் உண்டு. முதல் சோதனை வெற்றி என்று தெரிந்ததும், ஜெர்மனியில் பாட்ஸ்டாம் மாநாட்டுக்குப் போயிருந்த ஸ்டிம்சனுக்கு வாஷிங்டனிலிருந்து அவருடைய உதவியாளர் ஜார்ஜ் ஹாரிசன் அனுப்பிய தந்திகள்தான் காரணம். முதலாவது: இன்று காலை அறுவைச் சிகிச்சை நடந்தது, முடிவு திருப்திகரமாகத் தெரிகிறது. இரண்டாவது: டாக்டர் உற்சாகமாகத் திரும்பியிருக்கிறார், பொடியன் தன் அண்ணனைப் போலவே திடமாக இருக்கிறான், அவன் கண்ணின் ஒளி இங்கிருந்து ஹைஹோல்ட் வரை தெரியும், அலறல் என் பண்ணை வரை கேட்டிருக்கும். டாக்டர் என்பது க்ரோவ்ஸ். ஹைஹோல்ட் என்பது லாங் ஐலண்டில் ஸ்டிம்சனின் வீடு. ஒளி எவ்வளவு தூரம், சத்தம் எவ்வளவு தூரம் என்பதுதான் செய்தி. தந்தியைப் பிரித்த இளம் அதிகாரிகள், 77 வயது ஸ்டிம்சனுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள். மறுபடி ஸ்டிம்சன் சர்ச்சிலிடம் நீட்டிய காகிதத்திலும் ‘குழந்தைகள் நல்லபடியாகப் பிறந்தன’ என்றே இருந்தது என்று சர்ச்சில் எழுதியிருக்கிறார். இந்தத் தந்தியில் வரும் பொடியனைப் பிடித்துக்கொண்டு, குண்டின் பெயர் இங்கிருந்துதான் வந்தது என்பவர்கள் உண்டு. பெயர் அதற்கு முன்பே இருந்தது. தவிர, அன்று வெடித்தது புளூட்டோனியச் சாதனம், லிட்டில் பாய் யுரேனியக் குண்டு. பிரசவ பாஷை மட்டும் அந்த வட்டாரத்தை விடவே இல்லை. 1952-இல் முதல் ஹைட்ரஜன் சாதனம் வெடித்ததை பெர்க்கிலியில் நிலநடுக்கமானியில் பார்த்த எட்வர்ட் டெல்லர், லாஸ் அலமோஸுக்கு அனுப்பிய தந்தி: ‘ஆண் குழந்தை’.

1945 ஜூலையில் நடந்த அந்த முதல் சோதனையின் பெயர் ‘டிரினிட்டி’, அதாவது மும்மை. பிரம்மா, விஷ்ணு, சிவன் என்ற மும்மூர்த்திகளை நினைத்துத்தான் ஓப்பன்ஹைமர் வைத்தார் என்று நம் பக்கத்தில் நிறையப் பேர் எழுதுகிறார்கள். அவர் கீதையை சமஸ்கிருதத்திலேயே படித்தவர் என்பதால் கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 1962-இல் க்ரோவ்ஸ் இதையே கடிதத்தில் கேட்டார்: மேற்கே எத்தனையோ ஆறுகளுக்கும் மலைகளுக்கும் இந்தப் பெயர் இருப்பதால் யார் கண்ணிலும் உறுத்தாது என்று வைத்தீர்களா? அந்தக் காரணத்துக்காக இல்லை என்று பதில் எழுதிய ஓப்பன்ஹைமர், ஜான் டன் என்ற ஆங்கிலக் கவிஞர் சாவதற்கு முன் எழுதிய கவிதை ஒன்றைச் சொன்னார். கிழக்கும் மேற்கும் தட்டையான வரைபடத்தில் ஒன்றாவதைப் போல, மரணம் உயிர்த்தெழுதலைத் தொடும் என்பது அதன் பொருள். அதில் மும்மை இல்லையே என்று அவருக்கே பட்டு, மூவொரு கடவுளை விளித்துத் தொடங்கும் டன்னின் இன்னொரு கவிதையையும் சேர்த்துக்கொண்டார். க்ரோவ்ஸ் கேட்டது போலப் பாதுகாப்புக் கணக்கு எதுவும் அதில் இல்லை.

க்ரோவ்ஸின் மூளை வேறு மாதிரி. ராணுவம் திட்டத்துக்கு முதலில் வைத்த பெயர் ‘மாற்றுப் பொருள்கள் மேம்பாடு’. இப்படி ஒரு பெயரைக் கேட்டால் யாருக்கும் என்ன மாற்று, எதற்கு மாற்று என்று கேட்கத் தோன்றும் என்று அவர் அதை மறுத்தார். ராணுவப் பொறியியல் பிரிவின் மாவட்டங்களுக்கு அவை இருக்கும் ஊரின் பெயரையே வைப்பது வழக்கம். தலைமை அலுவலகம் நியூயார்க் பிராட்வேயில் இருந்ததால் 1942 ஆகஸ்டில் ‘மன்ஹாட்டன் மாவட்டம்’ ஆனது. நல்ல சங்கேதப் பெயர் என்றால் இதுதான். அதைக் கேட்டு எதையும் ஊகிக்க முடியாது.

பிரிட்டன்காரர்கள் இதில் இன்னும் சமர்த்தர்கள். அவர்கள் திட்டத்தின் பெயர் ‘ட்யூப் அல்லாய்ஸ்’, குழாய் உலோகக் கலவைகள். கேட்டாலே கொட்டாவி வரும். அதற்கு முந்தைய குழுவின் பெயர்க்கதை மட்டும் தற்செயலாக அமைந்தது. 1940-இல் ஜெர்மனி டென்மார்க்கைப் பிடித்த பிறகு, டென்மார்க் இயற்பியலாளர் நீல்ஸ் போரிடமிருந்து, இன்னொரு இயற்பியலாளரான லீசா மைட்னர் வழியாக இங்கிலாந்துக்கு ஒரு தந்தி. நீல்ஸும் மனைவியும் நலம் என்று சொல்லிவிட்டு, ஆங்கில இயற்பியலாளர் காக்கிராஃப்டுக்கும் ‘மாட் ரே கென்ட்’டுக்கும் தெரிவிக்கவும் என்று முடிந்தது. மாட் ரே கென்ட் யார் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஆங்கில எழுத்துகளைக் கலைத்துப் போட்டுப் பார்த்தவர்கள், ‘ரேடியத்தை எடுத்துக்கொண்டார்கள்’ என்று வருவதைக் கண்டு திடுக்கிட்டார்கள். ஓர் எழுத்து மட்டும்தான் உதைத்தது. அணுகுண்டு சாத்தியமா என்று ஆராயக் கூடிய குழுவுக்கு ‘மாட் கமிட்டி’ என்றே பெயர் வைத்தார்கள். 1943-இல் நீல்ஸ் போர் தப்பி இங்கிலாந்து வந்த பிறகுதான் உண்மை தெரிந்தது. மாட் ரே, நீல்ஸ் போரின் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த பெண்மணி. கென்ட் அவர் குடியிருந்த மாவட்டம்.

பொருள்களுக்கும் மறைபெயர் இருந்தது. அணு எண்ணின் கடைசி இலக்கத்தையும் நிறை எண்ணின் கடைசி இலக்கத்தையும் சேர்த்தால் போதும்: 94, 239 என்றால் புளூட்டோனியம் ‘49’, 92, 235 என்றால் யுரேனியம் ‘25’. இயற்பியல் தெரிந்த எந்த ஒற்றனுக்கும் இது கால் மணி நேர வேலை. அதற்கு முன் கொஞ்ச காலம் புளூட்டோனியத்துக்குச் ‘செம்பு’ என்று பெயர். பிறகு நிஜச் செம்பே சோதனைக்குத் தேவைப்பட்டபோது, அதைச் ‘சத்தியமான செம்பு’ என்று சொல்லவேண்டி வந்தது.

ரகசியம் என்ற கணக்கில் பார்த்தால் தின் மேன், ஃபேட் மேன் எல்லாம் மோசமான பெயர்கள். ஒரு குண்டு நீளம், ஒன்று உருண்டை என்று பெயரிலேயே இருக்கிறது. வெடிபொருள் தெரிந்தவனுக்கு அதுவே முக்கியத் துப்பு. போருக்குப் பின் பிரிட்டன் இதற்கு ஒரு வழி செய்தது: ஒரு நிறம், சம்பந்தமே இல்லாத ஒரு பெயர்ச்சொல். அவர்களின் முதல் அணுகுண்டு ‘ப்ளூ டான்யூப்’, ஹைட்ரஜன் குண்டு ‘யெல்லோ சன்’. ஜெர்மனியில் புதைக்கத் திட்டமிட்ட அணுக் கண்ணிவெடி ‘ப்ளூ பீகாக்’. குளிரில் மின்னணுப் பாகங்கள் உறைந்துபோகாமல் இருக்க, உள்ளே உயிருள்ள கோழிகளைத் தீனியோடு வைக்கலாம் என்று ஒரு யோசனை அதில் இருந்தது. அந்த ஆவணம் 2004 ஏப்ரல் 1-ஆம் தேதி வெளியானதால் யாரும் முதலில் நம்பவில்லை.

சோவியத் முதல் குண்டு ‘ஆர்டிஎஸ்-1’, 1949 ஆகஸ்ட் 29. அந்த எழுத்துகளுக்குச் ‘சிறப்பு ஜெட் எஞ்சின்’ என்று ஒரு விரிவு, ‘ரஷ்யா தானே செய்கிறது’ என்று தொழிலாளிகளிடையே இன்னொரு விரிவு. அமெரிக்கர்கள் ஸ்டாலினின் பெயரை வைத்து அதை ‘ஜோ-1’ என்றார்கள். பிரான்ஸ் சஹாராவில் வெடித்தவற்றுக்குப் பாலைவன எலியின் பெயர். நீலம், வெள்ளை, சிவப்பு என்று கொடியின் நிறங்கள் வரிசையாக வந்தன.

எனக்கு மிகவும் பிடித்தது சீனாவுடையது. 1964 அக்டோபர் 16-இல் லோப் நூரில் வெடித்த சாதனத்தின் பெயர் ‘596’. 1959 ஆறாம் மாதம், மாதிரிக் குண்டு தரமாட்டோம் என்று குருஷேவின் சோவியத் கைவிரித்த மாதம் அது. கோபத்தைத் தேதியாக எழுதி வைத்துக்கொண்டார்கள். களத்தில் பேச வேறு பாஷை. உருண்டையான சாதனம் ‘சியோ குமாரி’; சீனத்தில் அந்தக் குடும்பப் பெயரும் பந்து என்ற சொல்லும் ஒரே ஓசை. கோபுரத்தில் அதை வைக்கும் மேடை ‘ஒப்பனை மேசை’. வெடிப்பிகளை ஒவ்வொன்றாகச் செருகி ஒயர்களை இணைப்பது ‘சடை பின்னுவது’. குமாரி சடை பின்னிக்கொள்கிறாள் என்று தொலைபேசியில் வந்தால், அங்கே வேலை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பெய்ஜிங்குக்குத் தெரிந்துவிடும்.

இந்தியாவைப் பற்றியும் கேட்பீர்கள். 1974 மே 18-இல் நடந்த பொக்ரான் முதல் சோதனையின் பெயர் ‘சிரிக்கும் புத்தர்’.  1998 மே 11 புத்த பூர்ணிமை, ஆனால் அப்போது பெயர் ‘சக்தி’. செயற்கைக்கோள்களின் கண்ணில் மண்ணைத் தூவ விஞ்ஞானிகள் ராணுவ உடையில் பெயர் மாற்றிக்கொண்டு போனார்கள்: அப்துல் கலாம் ‘மேஜர் ஜெனரல் பிருத்விராஜ்’, ஆர். சிதம்பரம் ‘நடராஜ்’. சாதனங்களை இறக்கிய குழிகளுக்கும் பெயர் உண்டு. ஹைட்ரஜன் சாதனம் இருந்தது ‘வெள்ளை மாளிகை’, பிளவுக் குண்டு இருந்தது ‘தாஜ் மகால்’. ஒரு கிலோ டன்னுக்கும் குறைவான, இருப்பதிலேயே சின்ன வகைச் சாதனத்தை இறக்கிய குழிக்குப் பெயர் ‘கும்பகர்ணன்’. லாஸ் அலமோஸ்காரர்களுக்கு இது தோன்றியிருக்காது.